கணவாய் சுத்தம் செய்யும்போது மைப்பை உடைகிறது, சமைத்தால் ரப்பராகிறது: உதவி தேவை

கேள்வி:
முழுக் கணவாய் 1 கிலோ, ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். தலையைப் பிடித்து இழுத்தால் அது மட்டும் அறுந்து வருது, குடல் உள்ளேயே நின்னுடுது. விரல் விட்டு நோண்டினால் மைப்பை உடைந்து எல்லாம் கருப்பு. தோலும் துணுக்குத் துணுக்காகத்தான் உரியுது. கடைசியில் வளையமாக வெட்டி மசாலாவில் 10 நிமிடம் வதக்கினால் தண்ணீர் விட்டு, ரப்பர் மாதிரி ஆகுது. எங்கே தப்பு?

பதில் 1:
இழுக்கிறதுக்கு முன்னாடியே ஒரு வேலை இருக்கு. தலை உடம்போடு சேரும் இடத்தில் மூன்று பிடிப்பு உண்டு: முதுகுப் பக்கம் ஒன்று, வயிற்றுப் பக்கம் இரண்டு. குழாய் மாதிரி இருக்கிற உடம்பின் விளிம்புக்குள் ஆள்காட்டி விரலை விட்டு ஒரு சுற்று சுற்றி அதை விடுவிங்க. அப்புறம் கண்ணுக்குப் பின்னால், உடம்பை ஒட்டிப் பிடித்து, லேசாகத் திருகி நிதானமாக இழுங்க. குடல் ஒரே கொத்தாக வந்துடும். வெடுக்கென்று இழுத்தால்தான் அறும்.

அந்தக் கொத்தின்மேல் வெள்ளி நிறத்தில் பளபளன்னு ஒட்டியிருக்கிற ஒல்லியான பைதான் மைப்பை. உடைந்தாலும் பதற வேண்டாம், மை சாப்பிடக்கூடியதுதான். ஓடும் தண்ணீரில் போயிடும். துணியில் பட்டால் மட்டும் கறை போகாது.

அடுத்தது முள். முதுகின் உட்பக்கம் கண்ணாடித் தாள் மாதிரி, பேனா முனை வடிவில் இருக்கும். நுனியைப் பிடித்து உருவுங்க. பாதியில் உடைந்தால் மீதியை விரலால் தடவித் தேடி எடுக்கணும். வெள்ளையாக, தடிமனாக, சுண்ணாம்பு மாதிரி ஓடு இருந்தால் அது ஓட்டுக் கணவாய். அதை முதுகைக் கீறி எடுங்க.

தலையில் கண்ணுக்கு முன்னால், கால்கள் ஒன்றுசேரும் இடத்தை ஒட்டி வெட்டுங்க. கண்ணில் கத்தி பட்டால் நீர் பீய்ச்சி அடிக்கும். கால் கொத்தின் நடுவில் அழுத்தினால் கிளி மூக்கு மாதிரி கறுத்த பல் பிதுங்கி வரும், அதை எறிஞ்சிடுங்க. கால்களில் உள்ள உறிஞ்சிகளைக் கல் உப்பு போட்டுத் தேய்த்தால் அதிலிருக்கிற கடினமான வளையங்கள் உதிரும்.

தோலுக்கு: பக்க இறக்கையைப் பிய்த்தால் தோலும் கூடவே கிளம்பும். அங்கேயிருந்து சொரசொரப்பான துணியால் பிடித்து உரிங்க. வழுக்காது. வெந்நீர் ஊற்றாதீங்க, சதை வேக ஆரம்பிச்சிடும்.

பதில் 2:
சுத்தம் பற்றி மேலே சொன்னது போதும். ரப்பராவதற்குக் காரணம் அந்த 10 நிமிடம். சூடு ஏறியதும் சதையிலுள்ள கொலாஜன் (சதையைப் பிணைத்து வைக்கும் புரதம்) சுருங்கி நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். அது கரைந்து கூழாக அரை மணி நேரத்துக்கு மேல் வேணும். அதனால் ஒன்று 2 நிமிடம், இல்லை 40 நிமிடம். நடுவில் எங்கே நிறுத்தினாலும் மெல்ல முடியாது.

வறுவல்னா, துணியால் ஈரம் ஒற்றி எடுத்து, மசாலாவைத் தனியாகச் சுருள வதக்கி, நல்ல தீயில் 250 கிராம் மட்டும் போட்டு 2 நிமிடத்தில் இறக்கிடுங்க. மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொட்டினால் சட்டியின் சூடு இறங்கி, வதங்காமல் தன் தண்ணீரிலேயே வேகும். உங்களுக்கு நடந்தது இதுதான். குழம்புன்னா மூடி போட்டுச் சிறுதீயில் 40 நிமிடம். குத்திப் பார்த்து இறக்குங்க.

கேள்வி கேட்டவர்:
விரலைச் சுற்றி விடுவித்ததும் குடல் முழுசாக வந்துடுச்சு, நன்றி. உள்ளே மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கே, அதையும் எடுக்கணுமா? சமையல் சோடா சேர்க்கலாமா?

பதில் 1:
வளையமாக வெட்டினால் எடுத்துடுங்க, வேகும்போது அதுவும் சுருங்கும். கூர்முனையை விரலால் உள்ளே தள்ளி, சாக்ஸ் மாதிரி புரட்டி, கத்தியின் முதுகால் வழித்தால் போதும். சோடா அரை கிலோவுக்கு அரை டீஸ்பூன், 15 நிமிடம், பிறகு நன்றாக அலசணும். கூடிப்போனால் சோப்பு வாடை வரும். 2 நிமிடக் கணக்கைச் சரியாகப் பிடிச்சுட்டா சோடாவே தேவைப்படாது.