அம்மாவின் தீப்பெட்டி: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். என் அம்மாவுக்கு 62 வயது. தோலுக்கடியில் பூச்சி ஊர்வதாக எட்டு மாதமாகச் சொல்கிறார். காலையில் எழுந்ததும் ஒரு தீப்பெட்டியைத் திறந்து காட்டுவார். உள்ளே நூல் துணுக்கும் காய்ந்த தோல் பொருக்கும் இருக்கும். “இதோ பார், கால் தெரிகிறதா?” என்பார். முன்கை முழுக்க நகக்கீறல். சமையல், வீட்டுக் கணக்கு, பேச்சு எதிலும் பிசகில்லை. அதனாலேயே உறவினர்கள் இதை நோய் என்று நம்ப மறுக்கிறார்கள்.

சிரங்கு இல்லை. சர்க்கரை, தைராய்டு, பி12 எல்லாம் சரியாக இருக்கின்றன. கடைசியாகப் பார்த்த தோல் மருத்துவர், இது 1938இல் எக்போம் என்ற ஸ்வீடன் நரம்பியல் மருத்துவர் விவரித்த மனநோய் என்றும், ரிஸ்பெரிடோன் போன்ற மனநோய் மாத்திரைகளைக் குறைந்த அளவில் கொடுத்தாலே பலன் தரக்கூடும் என்றும் சொன்னார். பூச்சி இல்லையென்று வாதாடவும் வேண்டாம், உண்டென்று ஒப்புக்கொள்ளவும் வேண்டாம் என்றார்.

மனநல மருத்துவர் என்றதுமே அம்மா, “என்னைப் பைத்தியம் என்கிறாயா?” என்று அழுதுவிட்டார். சோற்றில் மாத்திரையைக் கலந்துவிடச் சிலர் சொல்கிறார்கள். அந்தத் துரோகம் என்னால் முடியாது.

இப்படிப்பட்டவரை என்ன சொல்லிச் சம்மதிக்க வைத்தீர்கள்? தோல் மருத்துவரும் மனநல மருத்துவரும் சேர்ந்து பார்க்கும் இடம் மதுரைப் பக்கம் உண்டா? 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் பேசிய குடும்பத்தினர் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.