காப்பிக்கொட்டை எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்று கேட்கிறார்கள், சின்ன வியாபாரி என்ன செய்வது?

பச்சைக்கொட்டை:
ஐந்து பேர் வேலை செய்யும் சின்னக் கம்பெனி எங்களுடையது. பச்சைக் காப்பிக்கொட்டையை வாங்கித் தரம் பிரித்து ஐரோப்பாவில் ஒருவருக்கு அனுப்புகிறோம். போன வாரம் அவரிடமிருந்து ஒரு எக்செல் கோப்பு வந்தது. ஒவ்வொரு லாட்டுக்கும் தோட்டத்தின் ஜிபிஎஸ் புள்ளி, அறுவடைக் காலம், நில ஆவணம், 2020 டிசம்பர் 31க்குப் பிறகு அங்கே காடு அழிக்கப்படவில்லை என்பதற்கு ஆதாரம், எல்லாம் வேண்டுமாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடுப்புச் சட்டம் (EUDR) கேட்கிறதாம். எங்களுக்குக் கொட்டை கொடுப்பவர்கள் இருநூறு பேருக்கு மேல், அதில் பாதிப் பேரைத் தரகர் வழியாகத்தான் தெரியும். ஒரு ஆலோசகர் கேட்ட கட்டணம் எங்கள் ஒரு வருட லாபத்தைத் தாண்டுகிறது. சின்ன நிறுவனத்துக்கு விலக்கு உண்டு என்கிறார் ஒருவர், சட்டம் நடைமுறைக்கு வரும் தேதியே தள்ளிப்போய்விட்டது என்கிறார் இன்னொருவர். எதை நம்புவது?

துறைமுகவாசி:
இரண்டுமே பாதி உண்மை. தேதி இரண்டு முறை தள்ளிப்போனது. 2025 டிசம்பரில் செய்த திருத்தத்தின்படி பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30, குறு, சிறு நிறுவனங்களுக்கு 2027 ஜூன் 30. ஆனால் இதில் பார்க்க வேண்டியது உங்கள் அளவை இல்லை, ஐரோப்பாவில் சரக்கை இறக்குகிறவரின் அளவை. அவர் பெரிய ஆள் என்றால் 2026 தேதிதான் உங்களுக்கும், நீங்கள் ஐந்து பேரோ ஐம்பது பேரோ. காடு அழிக்காமல் விளைந்த சரக்கு என்ற உறுதிமொழி அறிக்கையை ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையத்தளத்தில் பதிவு செய்வது அவர் வேலை. உங்கள் வேலை தகவல் கொடுப்பது, அவ்வளவுதான். அதனால் ஆலோசகருக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் வாங்குபவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: எங்கள் நாட்டை எந்தக் காடழிப்பு ஆபத்துப் பிரிவில் வைத்திருக்கிறார்கள்? குறைந்த ஆபத்து என்றால் அவர் தகவல் திரட்டினால் போதும், தனியாக ஆபத்து மதிப்பீடு செய்ய வேண்டியதில்லை. ஆனால் தோட்டத்தின் புள்ளி அப்போதும் கட்டாயம், அதில் மட்டும் தப்பிக்க வழியில்லை.

வரப்போரம்:
நான் ரப்பர் தோட்டங்களை அளந்து கொடுக்கிறவன். விதி சுலபம்: நான்கு ஹெக்டேர் வரை ஒரே ஒரு புள்ளி போதும், அதைத் தாண்டினால் எல்லை முழுவதையும் சுற்றி வரைய வேண்டும். எண்ணில் தசமப் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம் கட்டாயம். சரி, இனி தவறுகளுக்கு வருகிறேன், இவை எல்லாம் நானே செய்தவை. முதல் சீசனில் பையன்களை அனுப்பினேன், அவர்கள் தோட்டத்துக்குள் இறங்காமல் சாலையோரம் வண்டியில் உட்கார்ந்தபடியே புள்ளி எடுத்துவிட்டார்கள், பதினேழு தோட்டத்துக்கும் புள்ளி தார்ச்சாலை மேல் விழுந்தது. அடுத்தது ஜியோஜேசன், அதாவது வரைபடப் புள்ளிகளை எழுதி அனுப்பும் கோப்பு. அதில் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பிறகு வரும், கூகுள் மேப்பில் இருந்து ஒட்டினால் தலைகீழ். நான் அனுப்பிய தோட்டங்கள் எல்லாம் கடலுக்கு நடுவில் இருந்தன. வாங்குபவர் சிரித்தார், ஆனால் சரக்கை எடுக்கவில்லை.

காப்பிக்கு இன்னொரு தொல்லை உண்டு. நிழல்மரத்துக்குக் கீழே இருக்கும் தோட்டத்தைச் செயற்கைக்கோள் படம் பல சமயம் காடு என்றே காட்டும். அதற்காக அது காடு ஆகிவிடாது, விவசாய நிலமாகப் பயன்பட்டால் சட்டத்திலும் காடு இல்லை. 2020க்கு முன்பே அங்கே காப்பி இருந்தது என்று காட்டும் பழைய விற்பனைச் சீட்டு, நில வரி ரசீது, புகைப்படம், எது கிடைத்தாலும் அந்தத் தோட்டத்தின் பெயரிலேயே சேர்த்து வையுங்கள். ஐந்து வருடம் பத்திரமாக இருக்கட்டும்.

மரத்தூள்:
சான்றிதழ் வாங்கினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாங்கள் மேசை நாற்காலி செய்கிறோம், எங்களிடம் காட்டு மேலாண்மைச் சான்றிதழ் இருக்கிறது, இருந்தும் ஒவ்வொரு மரத்துக்கும் அறிவியல் பெயரும் வெட்டிய இடமும் கேட்டார்கள். சான்றிதழ் ஒரு துணை ஆதாரம், பூட்டைத் திறக்கும் சாவி இல்லை.

பச்சைக்கொட்டை:
எல்லோருக்கும் நன்றி. நேற்றே கிளம்பி நாற்பது தோட்டம் முடித்தோம், இந்தத் தடவை உள்ளே இறங்கித்தான் எடுத்தோம்! ஒரு சந்தேகம். தரகரிடம் வாங்கிய பதினோரு மூட்டை யாருடையது என்று அவருக்கே தெரியவில்லை. அது மொத்தம் முந்நூறு மூட்டையில் கலந்துவிட்டது. மொத்தத்தில் இத்தனை சதவீதம்தான் தெரியாதது என்று சதவீதக் கணக்கில் விட்டுவிடலாமா?

துறைமுகவாசி:
முடியாது, இந்தச் சட்டத்தில் சதவீதக் கணக்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. தெரிந்த தோட்டத்துச் சரக்கைத் தெரிந்த தோட்டத்துச் சரக்கோடு கலக்கலாம், இருநூறு தோட்டத்தின் புள்ளிகளையும் ஒரே அறிக்கையில் போடலாம், உண்மையில் அந்த லாட்டில் நூற்றைம்பது பேரின் கொட்டைதான் இருக்கிறது என்றாலும் பரவாயில்லை, இருநூறும் சுத்தமாக இருந்தால் சரி. தெரியாத மூட்டை ஒன்று கலந்தாலும், பிரிக்க முடியாவிட்டால் லாட் முழுவதும் போச்சு. மூட்டையில் இன்னும் தையல் பிரிக்கவில்லையா, அல்லது தொட்டியில் கொட்டியாகிவிட்டதா?

பச்சைக்கொட்டை:
கொட்டியாகிவிட்டது.

துறைமுகவாசி:
அப்படியென்றால் அந்த லாட்டை ஐரோப்பாவுக்கு அனுப்பாதீர்கள், இந்த விதி இல்லாத வேறு சந்தையில் விற்றுவிடுங்கள். அடுத்த கொள்முதலில் இருந்து தரகர் சீட்டிலேயே விவசாயியின் பெயரையும் தோட்டத்து எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். எழுதாத மூட்டையைத் தனியாக அடுக்குங்கள். எங்கள் கிடங்கில் அதற்குச் சிவப்புக் கயிறு கட்டுகிறோம்.