ஹாலோகிராமுக்கு ‘முப்பரிமாணப் படம்’ சரிவராது

எல்லாருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. பிள்ளைங்களுக்கான துகள் இயற்பியல் குறிப்பு வெள்ளிக்கிழமை காலைல திருவல்லிக்கேணி அச்சகத்துக்குப் போயாகணும், ஹாலோகிராமுக்கு மட்டும் இன்னும் சொல் முடிவாகல. பாதிப் பேர் ‘முப்பரிமாணப் படம்’னு சொல்றீங்க. குமிழி அறைக்கு, அதாவது துகள் போற தடம் திரவத்துல குமிழி வரிசையாத் தெரியற கருவிக்கு, அது ஒத்துவராதுங்க.

குமிழி அறைல முப்பரிமாணம் முதல்லயே இருந்துச்சு. பல கோணத்துல கேமரா வச்சு ஒரே நேரத்துல எடுத்து, தடத்தைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சாங்க. சிக்கல் வேற. சார்ம் துகள் (சார்ம் குவார்க் உள்ள துகள்) பிறந்து சில மில்லிமீட்டருக்குள்ளயே சிதைஞ்சிடும், அதைப் பாக்க 10 மைக்ரான் அளவு குமிழி தெளிவாத் தெரியணும், ஆனா சாதா லென்ஸ்ல அந்தத் தெளிவு வேணும்னா ஃபோகஸ் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது, முன்னாடி பின்னாடி நடந்ததெல்லாம் மங்கிடும். 1980கள்ல ஐரோப்பாவோட செர்ன் ஆய்வகத்துலயும் அமெரிக்காவோட ஃபெர்மிலேப் ஆய்வகத்து 15 அடி குமிழி அறைலயும் லேசர் அடிச்சு ஹாலோகிராம் எடுத்தது இதுக்குத்தான். குமிழில பட்டுச் சிதறின ஒளியும் படாம வந்த ஒளியும் ஃபிலிம்ல சேந்து வரிவரியா விழும், அலையோட வீச்சு மட்டுமில்ல, கட்டமும் (phase, அலை தன் ஏற்ற இறக்கத்துல எந்த இடத்துல இருக்குங்கறது) அதுலயே இருக்கும். அப்புறம் எந்த ஆழத்துல வேணும்னாலும் நிறுத்திப் பாக்கலாம். ஹாலோகிராமைக் கண்டுபிடிச்ச கேபர் அதுக்குப் பேர் வைக்க ‘முழுசு’ன்னு பொருள்படற ‘ஹோலோஸ்’ங்கற கிரேக்கச் சொல்லை எடுத்ததும் அதனாலதான்.

மயிலாப்பூர் ஐயா, ‘ஹோலோஸ்’ நம்ம ‘எல்லாம்’லருந்து போனதுங்கறீங்க. மன்னிக்கணும், அதுவும் வடமொழி ‘சர்வ’வும் ஒரே வேர்னு மொழியியல்ல காட்டியாச்சு. உங்க ‘முழுவலை’ இலக்கணப்படி சரி, முழு + அலை, வகர உடம்படுமெய். ஆனா படிக்கற பிள்ளைக்கு மீன்வலைதான் தோணும். என் ஓட்டு ‘முழுப்பதிவு’.

—

தம்பி, பதிவுன்னா சார்பதிவாளர் ஆபீஸ்தான் ஞாபகம் வரும். கட்டம் பதிவாகுதுன்னு நீங்களே சொல்றீங்க, அப்ப அலை இல்லாத சொல் எப்படிப் பொருந்தும்? வலைனு படிப்பாங்கன்னா ‘அலைமுழுவரை’னு வச்சுக்கோங்க.

—

ஐயா, சார், ரெண்டுமே கிளாஸ்ல நிக்காது. பசங்க ஹாலோகிராம்னுதான் கேக்கறாங்க, ஏடிஎம் கார்டுலயே பாத்திருக்காங்க. வடசொல்லைத் தமிழ் எழுத்துக்கு மாத்தி எடுத்துக்கத் தொல்காப்பியரே வழி விட்டிருக்காரு, கிரேக்கச் சொல்லுக்கு மட்டும் ஏன் கதவைச் சாத்தணும்?

—

அம்மா, தொல்காப்பியர் ‘வடவெழுத்து ஒரீஇ’னு, அதாவது வடவெழுத்தை நீக்கிட்டுன்னு, நிபந்தனை போட்டாரு. ஹகரத்தோட உள்ள விடச் சொல்லல.

—

நேரமில்லீங்க. நிறையப் பேர் கேட்டபடி ‘முழுப்பதிவு’ன்னே போடறேன், முதல் இடத்துல மட்டும் பக்கத்துல ஹாலோகிராம் வரும். ஐயாவோட மறுப்பு அடிக்குறிப்புல.

—

அடிக்குறிப்பு போதாது தம்பி. அலை இல்லாத வரைக்கும் நான் ஒத்துக்க மாட்டேன், அடுத்த பதிப்புக்கு முன்னாடி மறுபடி எழுதறேன்.