ரெண்டு சொட்டுத் தைலம் விஷமா? நேற்றைய பதிலுக்கு என் பதில்

மஞ்சூர் தைலக்காரர் மகன் (காலை 9.10)
நேற்று வெலிங்டனிலிருந்து ஒரு அம்மா கேட்டிருந்தார். பையனுக்கு இருபது மாதம். ஜூனில் பெரியவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததிலிருந்து இது ஐந்தாவது சளிக்காய்ச்சல், என்னதான் செய்வது என்று. நியாயமான கேள்வி. அதற்குக் கோத்தகிரி மருந்துக்கடை அம்மணி கொடுத்த பதிலை அப்படியே போடுகிறேன்: “முதலில் தைலப் புட்டியை எடுத்துப் பரணில் வையுங்கள். சின்னக் குழந்தைக்கு அது விஷம்.”

விஷமாம். எங்கள் அப்பா முப்பத்தைந்து வருஷம் தைலம் காய்ச்சியவர். கற்பூர மரத்து, அதாவது யூகலிப்டஸ் இலையை டிரம்மில் திணித்து, மூடியைச் சுற்றி மண் பூசி, அடியில் தீ போட்டால் ஆவி குழாய் வழியாகத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிக் குளிர்ந்து சொட்டும். தண்ணீருக்கு மேலே எண்ணெய் மிதக்கும். நூறு கிலோ இலைக்கு ஒரு கிலோ சொச்சம் கிடைத்தால் அன்றைக்கு வீட்டில் கறிக்குழம்பு. அந்தக் குடிசைக்குள் தவழ்ந்து வளர்ந்தவன் நான். தம்பி, தங்கை எல்லோரும் அப்படித்தான். மூக்கடைத்தால் அம்மா ரெண்டு சொட்டு துணியில் விட்டுத் தொட்டில் கயிற்றில் முடிவாள். அவ்வளவுதான் வைத்தியம். ரெண்டு சொட்டு விஷமா? நேராகப் பதில் வேண்டும்.

கோத்தகிரி மருந்துக்கடை (9.42)
நேராகவே சொல்கிறேன் அண்ணா. ஒரு டீஸ்பூன், அதாவது அஞ்சு மில்லி, வயிற்றுக்குள் போனால் இந்த வயதுப் பிள்ளைக்கு மயக்கம், வலிப்பு வரை போகலாம். அதற்கும் குறைவாகக் குடித்து ஆஸ்பத்திரியில் படுத்த குழந்தைகள் உண்டு. இதை விஷம் என்று சொல்லாமல் பானகம் என்றா சொல்வது? புட்டி நம் வீடுகளில் எங்கே இருக்கும்? ஜன்னல் திண்டில், குழந்தையின் கைக்கு எட்டுகிற உயரத்தில். அப்புறம் மூக்குக்குக் கீழே தடவுவது. காரமான ஆவி பட்டுச் சின்னக் குழந்தைக்குத் தொண்டை இறுகி மூச்சு திணறலாம். நெஞ்சில் தடவுகிற டப்பாக்களிலேயே இரண்டு வயதுக்கு மேல் என்று போட்டிருப்பதை யாராவது படித்தீர்களா?

மஞ்சூர் தைலக்காரர் மகன் (9.50)
குடிக்கச் சொன்னேனா? எங்கே சொன்னேன், காட்டுங்கள். மூக்கில் தடவச் சொன்னேனா? துணியில் ரெண்டு சொட்டு என்றேன். துணியைக் குழந்தை குடிக்குமா?

கூடலூர் மழை (9.53)
குழந்தை முதலில் வாயில் வைப்பதே துணியைத்தானே அண்ணா.

மஞ்சூர் தைலக்காரர் மகன் (9.58)
எனக்கு மூன்று பேரன்கள் தம்பி. எனக்கே சொல்லித்தருகிறாயா? கூடலூரில் என்ன குளிர்? வாழைத்தார் தொங்குகிற ஊர். எங்கள் பக்கம் ஜனவரியில் விடிந்து எழுந்தால் புல்லெல்லாம் உப்பு கொட்டினதுபோல உறைபனி. மலைக்காரன் வைத்தியத்தை மலைக்காரன் பேசட்டும்.

கூடலூர் மழை (10.05)
சரி, மலைக்காரரே. உங்கள் மூதாதையர் வைத்தியம் என்று மார்தட்டுகிறீர்களே, அந்த மரமே ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. வெள்ளைக்காரன் 1843 வாக்கில் விறகுக்காகக் கொண்டுவந்து நட்டான். அதற்கு முன்னால் இந்த மலையில் பிறந்த குழந்தைகளுக்கு மூக்கே ஒழுகவில்லையா? சோலையையும் புல்வெளியையும் அழித்து, ஊற்றையெல்லாம் உறிஞ்சின மரத்துக்கு ‘நீலகிரித் தைலம்’ என்று பேர் வேறு.

மஞ்சூர் தைலக்காரர் மகன் (10.11)
வந்துவிட்டார் சோலை பாதுகாவலர்! நீங்கள் குடிக்கிற தேயிலை சோலையில் தானாக முளைத்ததா? உருளைக்கிழங்கு? கேரட்? 1843-ல் வந்தது என்றால் எனக்கு ஏழு தலைமுறை. ஏழு தலைமுறை போதாதா? சோலைக் கதை பேசிப் பேசித்தான் எங்கள் பிழைப்பில் மண் விழுந்தது. இலை பொறுக்கப் போனாலே திருடனைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள். அது கிடக்கட்டும். ரெண்டு சொட்டு விஷமா, இல்லையா?

ஹட்டி மருமகள் (10.30)
ஒரு சந்தேகம். எந்தத் தைலத்தைப் பற்றிப் பேசுகிறோம்? எங்கள் ஹட்டியில் (படுகர் ஊரில்) தேங்காயெண்ணெயில் இலையைப் போட்டுக் காய்ச்சினாலும் தைலம். பேருந்து நிலையத்தில் சுற்றுலாக்காரர்களுக்கு விற்கிற புட்டியும் தைலம். தலைவலிக்குத் தடவுகிற களிம்பையும் மாமியார் தைலம் என்றுதான் சொல்வார். மூன்றும் ஒன்றா?

என் கதை: மாமியார் பாப்பாவின் உச்சியில் ஒரு விரல் வைத்து அழுத்துவார். நான் ‘சரிங்க அத்தை’ என்று சொல்லிவிட்டு, குளியலறைக்குப் போய் ஈரத்துணியால் துடைத்துவிடுவேன். மறுநாள் சளி குறைந்தால் தைலத்தால் என்பார். கூடினால் நான் ஈரத்தலையோடு விட்டதால் என்பார்.

மஞ்சூர் தைலக்காரர் மகன் (10.34)
பெரியவர்கள் பாசமாக வைப்பதைத் துடைக்கிறீர்களா? அப்படித் துடைத்தால் சளி எப்படிப் போகும்?

ஹட்டி மருமகள் (10.36)
என் கேள்விக்குப் பதில் வரவில்லை.

அருவங்காடு ஓய்வு (11.02)
முப்பது வருஷம் கார்டைட் (வெடிமருந்து) ஃபேக்டரியில் வேலை பார்த்தவன் சொல்கிறேன், எதிலும் அளவுதான் முக்கியம். பக்கத்துக் குன்னூரில் 1907-லிருந்து பாஸ்டர் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. தடுப்பூசி அங்கே தயாராகிறது. அந்த ஊர்க்காரர்கள் சொட்டு எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த அம்மா பையனுக்கு ஊசியெல்லாம் போட்டாரா என்று ஒருவராவது கேட்டீர்களா? ஆனால் ஒன்று, மஞ்சூர்க்காரர் சொன்னால் எதிர்ப்பதற்கென்றே ஒரு கூட்டம் இங்கே உண்டு. போன மாதம் பூண்டு விவாதத்திலும் பார்த்தேன்.

கொடை வில்பட்டி (11.08)
பூண்டு என்றதும் வந்துவிட்டேன். எங்கள் மலைப்பூண்டு நாலு பல்லைப் பாலில் வேகவைத்து மசித்துக் கொடுங்கள், தைலமே தேவையில்லை. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின பூண்டு, சும்மா இல்லை.

அருவங்காடு ஓய்வு (11.10)
தெரியும் சார். வாங்கிவிட்டீர்கள். மாலை போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் பூண்டு மட்டும் மலையில் விளையாமல் மெரினாவிலா விளைகிறது?

கொடை வில்பட்டி (11.15)
குறியீடு யாரிடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

வெலிங்டன் அம்மா (11.40)
நான்தான் நேற்றுக் கேட்டது. இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தால் கேட்டிருக்கவே மாட்டேன். ஊசியெல்லாம் போட்டாயிற்று ஐயா, ஒன்றும் விடவில்லை. எடை பத்து கிலோ. நாலு நாள் ஓடியாடுவான், ஐந்தாம் நாள் மூக்கு ஒழுக ஆரம்பிக்கும். ஸ்வெட்டர் கை நுனியில் சளி துடைத்துத் துடைத்து அட்டை மாதிரி விறைத்துப்போகிறது. துவைத்துப் போட்டால் இந்த மழையில் மூன்று நாளாகியும் காய்வதில்லை. சுவரில் கறுப்பாகப் பூஞ்சை. இரவில் அறைக்குள் கரிச்சட்டி வைத்துத்தான் துணியையும் உலர்த்துகிறேன், அவனையும் தூங்க வைக்கிறேன். இவர் டீ ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட். ராத்திரி இருமலை நான் ஒருத்திதான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். குளிர்தான் காரணமா? கீழே மேட்டுப்பாளையத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விடலாமா?

கோத்தகிரி மருந்துக்கடை (12.15)
தங்கச்சி, இதைத்தான் நேற்றே விரிவாக எழுதியிருக்க வேண்டும். ஒற்றை வரியில் முடித்தது என் தப்பு. (தைல விஷயத்தில் இல்லை.)

இந்த வயதில் வருஷத்துக்கு ஆறிலிருந்து எட்டுத் தடவை சளி பிடிப்பது சாதாரணம். வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்தால் இன்னும் கூடலாம். சளி உண்டாக்கும் வைரஸில் இருநூறுக்கு மேல் வகை உண்டு. உடம்பு ஒவ்வொன்றாகப் பார்த்துப் பழக வேண்டும். ஒரு தடவை வந்தால் இருமல் ரெண்டு வாரம் கூட இழுக்கும், அதற்குள் பெரியவள் அடுத்ததைக் கொண்டுவந்துவிடுவாள். பார்க்கிற நமக்கு ஒரே சளி விடாமல் இருப்பதுபோலத் தெரியும். குளிர் தானாகச் சளியை உண்டாக்காது. குளிருக்குப் பயந்து கதவு ஜன்னலை அடைத்து எல்லோரும் ஒரே அறையில் இருக்கிறோம் பாருங்கள், அதில்தான் பரவுகிறது. மேட்டுப்பாளையத்திலும் குழந்தைகளுக்குச் சளி பிடிக்கத்தான் செய்கிறது.

கரிச்சட்டியை இன்றைக்கே வெளியே எடுங்கள். புகை குழந்தையின் மூச்சுக்குழாயை அரித்து வைக்கும், சளி எளிதில் நெஞ்சில் இறங்கும். மூடின அறையில் கரி எரிந்தால் வருகிற வாயுவுக்கு மணம்கூட இல்லை. அப்படித் தூங்கி எழுந்திருக்காதவர்கள் செய்தி ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வந்ததுதானே?

சளிக்குக் கடையில் கேட்டு சிரப் வாங்காதீர்கள். குளோர்பெனிரமின், ஃபினைலெஃப்ரின் கலந்த சளி மருந்தை நாலு வயதுக்குள் கொடுக்கக்கூடாது என்று லேபிளில் போடச்சொல்லி 2023 டிசம்பரிலேயே உத்தரவு வந்துவிட்டது. மூக்கடைத்தால் உப்புநீர்ச் சொட்டு மருந்து. எனக்கு உடன்பாடான சொட்டு அது ஒன்றுதான். ஒரு வயது தாண்டிவிட்டதால் இருமலுக்கு ராத்திரி அரை ஸ்பூன் தேன் கொடுக்கலாம்.

முக்கியமானது இது. அவன் தூங்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் முழுக்க எண்ணுங்கள். ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுவரை நாற்பதும் அதற்கு மேலும் வந்தால் வேகமான மூச்சு. விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் தண்ணீர் குடிக்க மறுத்தாலோ, எழுப்ப முடியாமல் துவண்டாலோ யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

மஞ்சூர் தைலக்காரர் மகன் (12.22)
எல்லோரும் கவனியுங்கள். இவ்வளவு நீளம் எழுதினார். உப்புநீர், தேன், கரி, லேபிள் எல்லாம் வந்தது. ரெண்டு சொட்டு விஷமா என்பதற்கு மட்டும் பதில் இல்லை. நான் ரெண்டு சொட்டு என்கிறேன், அவர் அஞ்சு மில்லி என்கிறார். ரெண்டு சொட்டு அஞ்சு மில்லியா? ஒரு மில்லியே இருபது சொட்டு என்று மருந்துக்கடைக்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டுமா?

கோத்தகிரி மருந்துக்கடை (12.31)
சொல்லித்தர வேண்டாம். புட்டி வீட்டில் இருக்கிறது என்பதுதான் என் பேச்சு. சொட்டு உங்கள் கையில், புட்டி குழந்தையின் கையில்.

மஞ்சூர் தைலக்காரர் மகன் (12.35)
மண்ணெண்ணெய் இருந்தது, தீப்பெட்டி இருந்தது, அரிவாள்மணை இருந்தது. எல்லாவற்றையும் பரணில் வைத்துவிட்டு எங்கே குடித்தனம் நடத்துவது? அப்பா இருந்திருந்தால் இந்த ‘விஷம்’ என்ற வார்த்தையைக் கேட்டு என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். இங்கே எழுத முடியாது.

கூடலூர் மழை (12.40)
அதிலும் ரெண்டு சொட்டு எழுதுங்களேன்.

மஞ்சூர் தைலக்காரர் மகன் (12.44)
அப்பாவை இழுக்காதே தம்பி. சொல்லிவிட்டேன். மலைக்காரர்களின் தொழிலைக் கெடுப்பதே இப்படிப் பேசுகிறவர்கள்தான். கடைக்கடைக்கு டர்ப்பன்டைன் கலந்த புட்டி விற்கிறதே, அதைக் கேட்க ஆள் இல்லை. அசல் எது, கலப்படம் எது என்று மோந்து பார்த்துச் சொல்ல இந்த மலையில் இன்னும் பத்துப் பேர் இருப்போம்.

ஹட்டி மருமகள் (12.50)
அப்படியானால் விற்கிற புட்டியில் பாதி கலப்படம் என்கிறீர்கள். அதைத் துணியில் விடச் சொல்கிறீர்கள். காலையிலிருந்து நான் கேட்பதும் இதைத்தான், எந்தத் தைலம்?

மஞ்சூர் தைலக்காரர் மகன் (12.52)
அசல் தைலம். வேறென்ன.

கொடை வில்பட்டி (1.05)
அசல் பூண்டுக்கு இந்தக் கஷ்டமே கிடையாது. குறியீடு இருக்கிறது.

அருவங்காடு ஓய்வு (1.07)
யாராவது இவரை வெளியே அனுப்புங்கள்.

கொடை வில்பட்டி (1.09)
நீங்களே போகலாமே, ஓய்வில்தானே இருக்கிறீர்கள்.

அருவங்காடு ஓய்வு (1.20)
வயசுக்கு மரியாதை தெரியாதவர்களோடு எனக்குப் பேச்சில்லை. இதுதான் என் கடைசிப் பதிவு.

அருவங்காடு ஓய்வு (1.26)
ஒன்றை மறந்துவிட்டேன். ஆறு மாதத்திலிருந்தே குழந்தைக்கு வருஷா வருஷம் ஃப்ளூ ஊசி போடலாம். அந்த அம்மா டாக்டரிடம் கேட்கட்டும். மற்றவர்களுக்கு ஒன்றும் சொல்ல விருப்பமில்லை.

வெலிங்டன் அம்மா (2.48)
கரிச்சட்டியை வெளியே வைத்துவிட்டேன் அக்கா. இப்போதுதான் தூங்கினான், எண்ணிப் பார்த்தேன். முதலில் நாற்பத்தாறு, அப்புறம் நாற்பத்தெட்டு. உடம்பு சுடுகிறது. குழி விழுகிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டேன், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறோம். பெரியவளைப் பக்கத்து வீட்டில் விட்டிருக்கிறேன்.

கோத்தகிரி மருந்துக்கடை (2.50)
கிளம்புங்கள் தங்கச்சி, யோசிக்கவே வேண்டாம். தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் மருந்து எத்தனை மணிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று அதன் பின்னாலேயே எழுதி வையுங்கள், டாக்டர் கேட்பார்.

ஹட்டி மருமகள் (2.51)
போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி போடுங்க அக்கா. பார்த்துக்கொண்டே இருப்பேன்.

மஞ்சூர் தைலக்காரர் மகன் (2.59)
நல்லபடியாகப் போய்வாம்மா, பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. ஹெத்தையம்மன் காப்பாற்றுவாள். ஒரே ஒரு விஷயம் மட்டும் ஆட்டோவில் போகும்போது சொல். தொட்டிலில் துணி கட்டினாயா, இல்லையா? கட்டியிருந்தால் எத்தனை சொட்டு, எந்தக் கடைப் புட்டி? நாளைக்கு இந்த அம்மணி அதையும் தைலத்தின் தலையில் கட்டுவார்.

கோத்தகிரி மருந்துக்கடை (3.01)
அண்ணா, உங்களுக்குக் கொஞ்சமாவது

மஞ்சூர் தைலக்காரர் மகன் (3.02)
பாதியில் நிறுத்திவிட்டீர்கள். முழுசாக எழுதுங்கள், பதில் தயாராக இருக்கிறது.