அதியமான் என்று பெயர் உள்ள ஒருவரை நேரில் சந்தித்திருக்கிறீர்களா?

தகடூரான்

என் பெயரே அதியமான்தான். பிறந்தது 1971, ஊத்தங்கரைப் பக்கம் ஒரு கிராமம். அப்பா தமிழாசிரியர். இத்தனை வருடத்தில் இதே பெயர் உள்ள மூன்று பேரைத்தான் நேரில் பார்த்திருக்கிறேன். என் வகுப்பில் ஒரே வருடத்தில் ஐந்து செந்தில்குமார் இருந்தார்கள்.

முதல் ஆளைப் பார்த்தது 1994-இல், சேலம் பழைய பஸ் ஸ்டாண்டில். பின்னாலிருந்து ஒரு அம்மா, "அதியமான்! ஓடாதடா, நில்லுடா!" என்று கத்தினார். நான் அப்படியே நின்றுவிட்டேன். என்னைத் தாண்டி ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் கையில் பம்பரத்தோடு ஓடினான். அந்தப் பெயர் இன்னொருவனுக்கும் சொந்தம் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. அந்த அம்மாவிடம் போய், "அக்கா, என் பேரும் அதியமான்தான்" என்றேன். பையனை இழுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினார். "பாருடா, அண்ணன் பேரும் உன் பேருதானாம்." அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "உங்களையும் ஸ்கூல்ல மானுன்னு கூப்பிடுவாங்களா?"

ஆமாம், கூப்பிடுவார்கள். அந்த 'மான்' காட்டில் ஓடுகிற மான் இல்லை என்று அப்பா எனக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார். மகன் என்பது மருவி மான். சேரர் மகன் சேரமான், மலையர் மகன் மலையமான், அதியர் மகன் அதியமான். அதை அந்தப் பையனிடம் சொன்னேன். எவ்வளவு புரிந்ததோ, பம்பரத்தைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "அப்ப நான் மான் இல்ல" என்று அம்மாவிடம் சொன்னான்.

நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆட்களின் பெயர்வாரிப் பட்டியல் எதையும் வெளியிடுவதில்லை. ஆக, ஒரு பெயர் எங்கே இருக்கிறது, எந்த வயதுக்காரர்களிடம் இருக்கிறது என்பதை இப்படிக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் சந்தித்த அதியமான்களைப் பற்றி எழுதுங்கள். எந்த ஊர், என்ன வயது இருக்கும், யார் வைத்த பெயர் என்று தெரிந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.

வருகைப்பதிவு டீச்சர்

தருமபுரி மாவட்டத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் மாவட்டத்தில் அந்தப் பெயர் இல்லாத இடம் இல்லை. தகடூர் என்பதே தருமபுரியின் பழைய பெயர். சேலம் சாலையில் அதியமான்கோட்டை இருக்கிறது. பெயர்ப்பலகைகளில் எல்லாம் அதியமான்தான். ஆனால் என் வருகைப்பதிவேட்டில் அந்தப் பெயரை நான் எழுதியது இரண்டே தடவை. ஊருக்கும் கட்டடத்துக்கும் வைப்பார்கள், பிள்ளைக்கு வைக்க யோசிப்பார்கள். பெரிய பெயர், பிள்ளை தாங்குமா என்று ஒரு தயக்கம்.

முதல் பையனின் அப்பா கட்சிக்காரர். எழுபதுகளில் பிறந்த பையன். அந்தத் தலைமுறைப் பெயர்களுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1916-ஐத் தனித்தமிழ் இயக்கத்தின் தொடக்கம் என்பார்கள். வேதாசலம் மறைமலை அடிகள் ஆனார். பிறகு திராவிட இயக்கத்தில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். தலைவர்கள் தங்கள் பெயரை மாற்றிக்கொண்டார்கள். தொண்டர்கள் பிள்ளைகளுக்கு நேரடியாகவே பாரி, வளவன், செழியன், அதியமான் என்று வைத்தார்கள். நான் பார்த்தவரை அந்த வரிசையில் அதியமான்தான் குறைவு.

இரண்டாவது பையனை நான் மறக்கவே முடியாது. ஆறாம் வகுப்பு. சேர்க்கைக்கு வந்த அப்பா கல் உடைக்கிற வேலை செய்பவர், கையெழுத்துப் போடத் தெரியாது. பெயரைச் சொல்லும்போது மட்டும் ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "அ-தி-ய-மா-ன். தப்பா எழுதிடாதீங்க டீச்சர்." யார் வைத்தது என்று கேட்டேன். அவர் படித்தது இரண்டாம் வகுப்பு வரைதான். அந்த இரண்டாம் வகுப்பில் ஒரு வாத்தியார், தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் பழத்தைக் கொடுத்த ராஜா கதையைச் சொன்னாராம். "எனக்குப் பையன் பொறந்தா இந்தப் பேருதான்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்" என்றார். அவருக்கு அப்போது என்ன வயது இருந்திருக்கும்! ஏழு, எட்டு. நான் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்த மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெண்ணையாறு

இந்தப் பெயர் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. திருக்கோவிலூர் பக்கம் ஜம்பை என்று ஒரு ஊர். எங்கள் வீட்டிலிருந்து பைக்கில் போகிற தூரம். அங்கே ஒரு குன்றில் உள்ள குகைத்தளத்தில் 1981-இல் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. ஒரே வரி: "ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி". அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த இருப்பிடம் என்று பொருள்.

இதில் 'ஸதியபுதோ' என்பதுதான் விஷயம். அசோகர் தன் இரண்டாம் பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சத்தியபுத்திரர் என்று ஒரு கூட்டத்தையும் சொல்கிறார். யார் அந்தச் சத்தியபுத்திரர் என்று அறிஞர்கள் பல காலம் வாதாடினார்கள். கோசர் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். ஜம்பைக் கல் வந்ததும் அந்த வாதம் அநேகமாக அடங்கிவிட்டது. மூவேந்தரோடு சமமாக வைத்து அசோகர் சொன்ன குடி அதியர் குடி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தகடூர்க்காரருக்குத் திருக்கோவிலூரில் என்ன வேலை என்று தோன்றும். புறநானூறு 99-இல் அவ்வையார் அதற்குப் பதில் வைத்திருக்கிறார்: நீ கோவலூரை வென்றதைப் பரணர் பாடினார் என்கிறார். அதே பாட்டில் அவன் முன்னோர் கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தார்கள் என்றும் வருகிறது. பாட்டுச் சொல்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே கல் கிடைத்திருக்கிறது.

நான் சந்தித்த அதியமானும் அந்தக் குன்றில்தான். நாலைந்து வருடம் முன்னால், கல்லூரி மாணவர்கள் சிலர் வந்திருந்தார்கள். அதில் ஒருவன் மட்டும் எழுத்துகளை விரலால் தொடாமல் ஓர் அங்குலம் தள்ளி விரலை ஓட்டிக்கொண்டே வாசித்தான். "அ... தி... ய..." என்று வந்தபோது குரல் கம்மிவிட்டது. நண்பர்கள், "டேய், உன் பேருடா!" என்று அவன் முதுகில் தட்டினார்கள். இருபது வயது இருக்கும், விழுப்புரத்துக்காரன். தாத்தா வைத்த பெயராம். வீட்டில் 'அதி' என்று கூப்பிடுகிறார்களாம். அன்று கீழே இறங்கும் வரை அவன் யாரிடமும் பேசவில்லை.

நூல்மில் கோவை

நான் சந்தித்தவர் எங்கள் மில்லில் எலக்ட்ரீஷியன். நாற்பது வயது இருக்கும். இங்கே யாரும் இன்னும் தொடாத ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். இந்த மாதிரிப் பெயரைக் கேட்டால் ஆள் எந்தச் சாதி என்று யாராலும் சொல்ல முடியாது. குலசாமி பெயரில் சாமி தெரியும், சாமியில் சாதி தெரியும். அதியமான், நெடுமாறன் என்றால் ஒன்றும் தெரியாது. அருந்ததியர் உரிமைக்காக ஆதித்தமிழர் பேரவையை நடத்துகிற தலைவரின் பெயரும் அதியமான்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. எங்கள் எலக்ட்ரீஷியன் சொன்னது இது: "எங்க ஊர்ல எங்க தாத்தாவுக்கு மரியாதையா ஒரு பேரு வைக்கவே விடலைங்க. ஒத்தச் சொல்லுல, நாயைக் கூப்பிடற மாதிரிதான் கூப்பிடுவாங்க. எங்கப்பா வேணும்னேதான் ராஜா பேரா வச்சாரு. என்னைக் கூப்பிடணும்னா அந்தப் பேரை முழுசாச் சொல்லித்தானே ஆகணும்?"

அதற்குப் பிறகு அவரை 'மான்' என்றோ 'அதி' என்றோ நான் சுருக்கிக் கூப்பிட்டதில்லை. எவ்வளவு அவசரமாக இருந்தாலும் முழுசாகத்தான்.

தகடூரான்

நூல்மில் கோவை, இதைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பள்ளியில் என்னைச் சுருக்கிக் கூப்பிட்டது எனக்கு விளையாட்டு. அவருக்கு அது விளையாட்டு இல்லை. அவரிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் ஒரு அதியமான்

நானும் அதியமான்தான் அண்ணா! 1986, திருச்சி. உங்கள் கணக்கில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அம்மா புலவர் பட்டம் படித்தவர், அவர் வைத்த பெயர். அப்பா 'சுரேஷ்' என்று வைக்க நினைத்திருக்கிறார்.

ஆங்கிலத்தில் எழுதுவதில்தான் தொல்லை. 'தி'க்கு டி மட்டும் போடுவதா, டிஹெச் போடுவதா? கடைசியில் ஒரு ஏயா, இரண்டு ஏயா? பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி வந்து, இரண்டும் ஒரே ஆள்தான் என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்தேன். பிள்ளைக்கு இந்தப் பெயர் வைப்பவர்கள் பிறப்புச் சான்றிதழிலேயே ஆங்கில எழுத்தை நன்றாக யோசித்து முடிவு பண்ணிவிடுங்கள். பிறகு அதை எங்கேயும் மாற்றாதீர்கள்.

இங்கே குடும்பப் பெயர் என்ன என்று கேட்பார்கள். நமக்கு அப்பா பெயரின் முதல் எழுத்துதானே முன்னால் நிற்கும். இவர்களிடம் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகக் கொடுத்ததால், ஆபீசில் பாதிப் பேர் என்னை அப்பா பெயரைச் சொல்லித்தான் அழைக்கிறார்கள். அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. "மிஸ்டர் சண்முகம்" என்று யாராவது கூப்பிடும்போது, அந்தக் கூப்பிடலுக்கு நான் திரும்பும்போது, மனசு ஒரு மாதிரி ஆகிவிடும்.

ஐந்து மாதக் குழந்தையின் அம்மா

எங்கள் வீட்டு அதியமானுக்கு வயது ஐந்து மாதம். இந்தத் திரியிலேயே சின்னவன் இவன்தான் என்று நினைக்கிறேன்!

இப்போது தமிழ்ப் பெயர் தேடுபவர்கள் நிறைய. ஆனால் இனியன், ஆதன், மகிழன், நிலவன் மாதிரி மூன்று நான்கு எழுத்தில் முடிகிற பெயர்தான் கேட்கிறார்கள். எங்களுக்கும் 'அதியன்' என்று வைக்கச் சொன்னார்கள், ஸ்டைலாக இருக்கும் என்று. என் மாமியாருக்கோ வேறு கவலை. "அந்த ராஜா போர்லதானே செத்தாரு, அந்தப் பேரை எதுக்குப் பிள்ளைக்கு?" என்று பேசாமலே இருந்தார். அவர் சொன்னது உண்மைதான். பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை அழித்த போரோடு அஞ்சியின் கதை முடிகிறது. "சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே" என்று அவ்வையார் அழுத பாட்டை என்னாலும் இன்றைக்கு வரை முழுசாக வாசிக்க முடிவதில்லை. கொஞ்சமாகக் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவானே என்று ஆரம்பிக்கும்.

மாமியாருக்கு நான் வேறொரு பாட்டைச் சொன்னேன். புறநானூறு 100. அஞ்சிக்கு மகன் பிறந்திருக்கிறான். போர்க்களத்திலிருந்து நேரே வந்து பார்க்கிறான். கையில் வேல், காலில் கழல், உடம்பெல்லாம் வியர்வை, கழுத்தில் ஆறாத புண். பகைவரைப் பார்த்துச் சிவந்த கண், தன் சிறுவனைப் பார்த்த பிறகும் சிவப்பு மாறவில்லை என்று அவ்வையார் முடிக்கிறார். இவன் பிறந்த அன்றைக்கு என் கணவர் இரவு ஷிப்ட் முடித்து, கம்பெனிச் சட்டையோடு, தூங்காத கண்ணோடு வந்து வாசலில் நின்றார். மாமியார்தான் குழந்தையை அவர் கையில் கொடுத்தவர். பாட்டைக் கேட்டு முடித்துவிட்டு, "கண்ணு செவந்துதான் இருந்துச்சு இவனுக்கும்" என்றார். அடுத்த வாரம் காதில் மூன்று முறை பெயர் சொன்னது அவர்தான்.

வருகைப்பதிவு டீச்சர்

அம்மாடி, கண் கலங்கிவிட்டது. ஒரே ஒரு வேண்டுகோள். பையன் வளர்ந்ததும் நெல்லிக்கனிக் கதையைச் சொல்லும்போது கூன் விழுந்த பாட்டியை வரைந்து காட்டாதே. அஞ்சியோடு கள் குடித்த, அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது போன சங்க கால அவ்வை வேறு, ஆத்திசூடி எழுதிய அவ்வை வேறு. இருவருக்கும் இடையே பல நூற்றாண்டு. புறம் 89-இல் சங்க அவ்வை மை தீட்டிய கண்ணும் ஒளிவிடும் நெற்றியும் உள்ள விறலி, அதாவது ஆடிப் பாடும் பெண். "சாதல் நீங்க எமக்கு ஈத்தனையே" என்று அவள் பாடுவது, தன்னோடு உட்கார்ந்து உண்ட நண்பனைப் பார்த்து. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்வார்கள்.

தகடூரான்

இரண்டு நாளில் எனக்கு இத்தனை பெயர் உறவு! இதுவரை வந்ததில், என் வயதை ஒட்டியவர்களுக்குப் பெரும்பாலும் அப்பாவோ அம்மாவோ, தமிழ் படித்தவரோ கட்சி சார்ந்தவரோ வைத்தது. சின்னவர்களுக்குத் தாத்தாவும் தாயும் வைத்தது. வடதமிழ்நாடும் கொங்கும்தான் அதிகம். மதுரைக்குத் தெற்கே ஒருவரும் இதுவரை எழுதவில்லை. நெல்லை, குமரியில் யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

பெண்ணையாறு, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அப்பாவுக்கு இப்போது எண்பத்து நான்கு. ஜம்பைக் கல்வெட்டு வரியை எனக்குப் பத்து வயதிலேயே பலகையில் எழுதிக் காட்டியவர், ஆனால் நேரில் பார்த்ததே இல்லை. நேற்று இந்தத் திரியை உரக்கப் படித்துக் காட்டினேன். அந்த மாணவன் எழுத்தை வாசித்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, மறுபடி படிக்கச் சொன்னார். கூட்டிப் போகலாமா? அவரால் ஏற முடியுமா?

பெண்ணையாறு

கூட்டி வாருங்கள் ஐயா. ஒரு நாள் முன்னதாக எனக்குச் செய்தி போடுங்கள். மழை பெய்த மறுநாள் வேண்டாம், பாறை வழுக்கும். காலையில் வெயில் ஏறுவதற்குள் வந்துவிட்டால் மெதுவாக ஏறலாம். நானும் என் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்கிறோம், மடக்கு நாற்காலியும் கொண்டுவருகிறோம். டார்ச் மட்டும் மறக்காதீர்கள். நேராக அடித்தால் எழுத்து தெரியாது. பக்கவாட்டில் பிடித்தால்தான் வெட்டில் நிழல் விழும், அப்போது அவரே வாசித்துவிடுவார்.