ஜி-சிங்கா, ஃப்ரீசிங்கா? ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்கண்ணா

தொரப்பாடி_தூங்குமூஞ்சி
அவசரம்ணா. வேலூர் லாங் பஜார் பக்கம் ஒரு கடையில ரெண்டு மானிட்டர் பார்த்து வெச்சிருக்கேன். கேம்ல படம் கிழியாம மானிட்டர் வேகத்தை கிராபிக்ஸ் கார்டோட ஒத்துப்போக வைக்கிற வித்தையாம், ஜி-சிங்க் என்விடியா கம்பெனியோடது, ஃப்ரீசிங்க் ஏஎம்டியோடது. ரெண்டும் 24 இன்ச், 165 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 165 படம். ஒண்ணுல ஜி-சிங்க் கம்பாட்டிபிள்னு ஸ்டிக்கர் ஒட்டிக்கீது. இன்னொண்ணு வளைஞ்ச திரை, விஏ வகை பேனல், ஃப்ரீசிங்க், 3,500 ரூபா கம்மி. கடைக்காரர் ஜி-சிங்க்தான் ஒசத்தி, மத்தது ஏமாத்துன்றாரு. எதை எடுக்கட்டும்?

காட்பாடி_ஜங்ஷன்
இன்னா கிராபிக்ஸ் கார்டு?

அகழி_ஆமை
கார்டு, ஆடுற கேம், கேபிள் மூணும் சொல்லு தம்பி. பொண்ணு யாருன்னே சொல்லாம பொருத்தம் பார்க்கச் சொன்னா எப்படி?

குடியாத்தம்_கைலி
எதை வாங்கினாலும் முதல்ல ஒரு ஸ்டெபிலைசர் வாங்கு. எங்க ஊர்ல சாயங்காலம் ஆனா லோ வோல்டேஜ். மானிட்டர் மினுக்கு மினுக்குன்னு மினுக்கும்.

மூத்த_உறுப்பினர்_64
இதே கேள்வி மாசத்துக்கு நாலு வருது. தேடிப் படிக்கிற பழக்கமே போயிடுச்சு. 2013-ல என்விடியா ஜி-சிங்க் அறிவிச்சப்போவே நான் விளக்கமா எழுதிட்டேன். ஜி-சிங்க்னா மானிட்டருக்குள்ள தனி சில்லு இருக்கும், அதுக்குத்தான் காசு. புரியாதவங்க 60 ஹெர்ட்ஸே வாங்கலாம்.

அகழி_ஆமை
ஐயா, அது பழைய கதை. சில்லு வெச்சது அசல் ஜி-சிங்க். 'கம்பாட்டிபிள்'னு போட்டிருந்தா உள்ள சில்லு கிடையாது. 2019 ஜனவரியில என்விடியா டிரைவர்லயே வழி விட்டாங்க, 10 வரிசை கார்டிலிருந்து மேல அடாப்டிவ் சிங்க் (ஃப்ரீசிங்க்குக்கு அடிப்படையான பொது முறை) மானிட்டர்ல ஓடும். ஸ்டிக்கர் இருந்தா அந்த மாடலை அவங்களே சோதிச்சுப் பார்த்திருக்காங்கன்னு அர்த்தம், அவ்வளவுதான். ஸ்டிக்கர் இல்லாததும் பெரும்பாலும் ஓடும்.

மூத்த_உறுப்பினர்_64
நான் சொன்னது அசல் ஜி-சிங்க்கைப் பத்தி. வாசிச்சுட்டுப் பேசவும்.

தொரப்பாடி_தூங்குமூஞ்சி
சாரிண்ணா. என்விடியா 1650. வாலரண்ட், ஜிடிஏ. டிவிக்குப் போட்ட எச்டிஎம்ஐ கேபிள் வீட்லயே இருக்கு, அதையே போட்டுக்குவேன்.

அகழி_ஆமை
அங்கதான் இடிக்குது. எச்டிஎம்ஐ வழியா ஃப்ரீசிங்க்ன்றது ஏஎம்டி தனியா சேர்த்துக்கிட்ட சமாச்சாரம். உன் என்விடியா கார்டு அதைக் கண்டுக்காது. டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் வேணும். கேபினெட்டுக்குப் பின்னாடி பாரு, ஒரு மூலை மட்டும் வெட்டின மாதிரி ஒரு துளை இருக்கும்.

காட்பாடி_ஜங்ஷன்
கடையில ஏன் வாங்கறே? காலையில ரயில் ஏறினா சென்ட்ரல், அங்கிருந்து ரிச்சி தெரு. ரெண்டாயிரமாவது குறையும்.

பாலாறு_மணல்
ஞாயித்துக்கிழமை ரிச்சி தெருவுல முக்கால்வாசி ஷட்டர் சாத்தியிருக்கும் நைனா. போன வருசம் நானும் அப்படித்தான் போனேன். அங்க மிச்சம் புடிச்ச காசு டிக்கெட்டுக்கும் பிரியாணிக்கும் சரியாப் போச்சு. திரும்பி வர்றப்போ அன்ரிசர்வ்ட்ல ஒருத்தர் பெட்டி மேலேயே குந்திக்கினாரு, பேனல்ல விரிசல்.

காட்பாடி_ஜங்ஷன்
பெட்டியைக் கீழ வெச்சது யார் தப்பு? சனிக்கிழமை போயிருக்கணும்.

பாலாறு_மணல்
சனிக்கிழமை எனக்கு ஷிப்ட். நீ வந்து கம்பெனியில நிப்பியா?

குடியாத்தம்_கைலி
சென்னை பிரியாணிக்கு காசு குடுத்தியா? ஆம்பூரைத் தாண்டி ஒருத்தன் பிரியாணி தேடுவானா!

தொரப்பாடி_தூங்குமூஞ்சி
கேபினெட்டுன்னா? இது லேப்டாப்புண்ணா.

அகழி_ஆமை
இதை முதல் வரியில சொல்லியிருக்கலாமே தம்பி.

சரி, கேளு. நிறைய லேப்டாப்புல எச்டிஎம்ஐ துளை என்விடியாவுக்குப் போகாது, இன்டெல் கிராபிக்ஸுக்குப் போகும். அந்த டிவியை மாட்டிட்டு என்விடியா கண்ட்ரோல் பேனல்ல ஃபிசிக்ஸ் (PhysX) பக்கத்தைத் திற. எந்தத் துளை எந்தச் சில்லோட கோர்த்திருக்குன்னு கோடு போட்டே காட்டும். அடுத்து டைப்-சி. எல்லா டைப்-சியிலயும் படம் வராது, பக்கத்துல டி, பி எழுத்து பின்னின மாதிரி சின்னம் இருக்கான்னு பாரு. இருந்து, அது என்விடியாவோட சேர்ந்திருந்தா, டைப்-சியில இருந்து டிஸ்ப்ளேபோர்ட் போற கேபிள் ஒண்ணு போதும். அப்புறம் மானிட்டர் மெனுவுல ஃப்ரீசிங்க்கை நீயே ஆன் பண்ணணும். விண்டோஸும் முதல்ல 60-லயே நிக்கும், போய் மாத்து.

விஏ பேனல் பத்தி ஒண்ணு. 1650-ல ஜிடிஏ ஆடினா ஃப்ரேம், அதான் கார்டு செகண்டுக்கு அனுப்புற படம், ஏறி இறங்கிக்கினே இருக்கும், மானிட்டரும் கூடவே வேகம் மாத்தும். ஒவ்வொரு படமும் நிக்கிற நேரம் மாற மாற வெளிச்சமும் லேசா மாறும். விஏல இருட்டுக் காட்சியில, லோடிங் திரையில அது பளிச்சுனு கண்ணுல படும். ஐபிஎஸ்ன்ற இன்னொரு வகை பேனல்ல இந்தத் தொல்லை கம்மி. ஸ்டிக்கர் ஒட்டினது ஐபிஎஸ்ஸா இருந்தா 3,500 அதுக்குக் குடுக்கலாம், ஸ்டிக்கருக்குக் குடுக்காதே. ஃப்ரீசிங்க் ரேஞ்ச் 48-லிருந்து 165 ஹெர்ட்ஸ் வரைக்கும்னு போட்டிருக்கான்னும் பாரு. 40-க்கு இறங்கினா ஒவ்வொரு ஃப்ரேமையும் ரெண்டு தடவை காட்டி 80-ல ஓட்டிக்கும். 48-75 மாதிரி குறுகலா இருந்தா 80 எட்டாது, அந்த வித்தை நடக்காது.

குடியாத்தம்_கைலி
பாத்தியா, மினுக்கும்னு நான் முதல்லயே சொன்னேன்.

அகழி_ஆமை
அது வோல்டேஜ் இல்லண்ணே!

மூத்த_உறுப்பினர்_64
லேப்டாப்புக்கு 165 ஹெர்ட்ஸ் மானிட்டர். நல்லா இருக்கு.

தொரப்பாடி_தூங்குமூஞ்சி
வாங்கிட்டேன். டைப்-சி கேபிள் போட்டதும் ஜி-சிங்க் ஆப்ஷன் வந்துச்சு. தேங்க்ஸ்ணா.

அகழி_ஆமை
சந்தோஷம். ரெண்டுல எதை எடுத்தே?

பாலாறு_மணல்
அதைச் சொல்லிட்டுப் போப்பா, நானும் வாங்கணும்.

பாலாறு_மணல்
பத்து நாளாச்சு. ஆளைக் காணோம்.