கடல்நீர்த் தொட்டிக்கு ரெஃப்யூஜியம்: சம்ப்பில் எந்த அறை, எந்தப் பாசி?

கேள்வி (காரைக்குடி)

வணக்கம். எங்கள் வளவு வீட்டின் இரண்டாம் கட்டில் 200 லிட்டர் பவளத் தொட்டி ஒன்று வைத்திருக்கிறேன். ஸ்கிம்மர் (கழிவை நுரையோடு பிரித்தெடுக்கும் கருவி) ஓடியும் நைட்ரேட் 40 பிபிஎம்முக்குக் கீழே இறங்கவில்லை, பாறையெங்கும் முடிப்பாசி. கீழேயுள்ள 60 லிட்டர் சம்ப்பில் (தொட்டி நீர் இறங்கி, வடிகட்டப்பட்டு மேலே திரும்பும் துணைத்தொட்டி) ரெஃப்யூஜியம், அதாவது நைட்ரேட்டை உறிஞ்சப் பாசி வளர்க்கும் அறை, அமைக்க எண்ணுகிறேன். எந்த அறையில், எந்தப் பாசியை வைப்பது, விளக்கை எப்போது எரிய விடுவது என்று அனுபவமுள்ளோர் விளக்க வேண்டுகிறேன். அதில் இடும் பாறையை மண்டபம் கடற்கரையிலேயே எடுத்துவரலாம் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார், செய்யலாமா?

மறுமொழி (தேவகோட்டை)

ஸ்கிம்மருக்கும், நீரை மேலே திருப்பியனுப்பும் ரிட்டர்ன் பம்ப்புக்கும் இடைப்பட்ட அறையே பொருத்தம். ஆவியாவதால் மட்டம் இறங்குவது ரிட்டர்ன் அறையில்தான். சித்திரை வெயிலில் அது கண்முன்னே இறங்கும், நடு அறையிலோ தடுப்புக் கண்ணாடியின் விளிம்புவரை நீர் மாறாமல் நிற்கும். குறைந்ததை ஆர்.ஓ. நீரால் மட்டுமே நிரப்புங்கள், ஏனெனில் ஆவியாவது நீர்தான், உப்பு அன்று.

பாசியில் கீட்டோமார்ஃபாவையே சொல்வேன். சிக்குண்ட பச்சை நைலான் நூலைப் போலிருக்கும். எதிலும் பற்றி வேரூன்றாததால் கையால் அள்ளிவிடலாம். காலர்ப்பாவும் விரைந்து வளரும், ஆனால் சில வேளைகளில் இனப்பெருக்கத்தில் இறங்கி, ஒரே இரவில் வெளுத்துக் கரைந்து தொட்டி நீரையே கலக்கிவிடும்.

மேல்தொட்டி விளக்கு அணைந்த பிறகு கீழ்விளக்கை ஏற்றுங்கள். இரவில் ஒளிச்சேர்க்கை நின்று கரியமில வாயு மிகுவதால் பி.எச். சரியும், கீழே பாசி அவ்வாயுவை உறிஞ்சிக்கொண்டிருந்தால் சரிவு குறையும். விளக்கின் சூடு வெக்கை தணிந்த நேரத்தில் நீரில் சேர்வது நம் ஊருக்கு இன்னொரு இலாபம்.

மறுமொழி (கானாடுகாத்தான்)

ஐயா, அந்த மண்டபம் யோசனையைக் கைவிடுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்வாழ் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. பாறை கட்டும் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிலும் உள்ளன. செத்த பவளம்தானே என்று எடுத்தாலும் வழக்குதான். செயற்கைப் பாறையே போதும். பழைய தொட்டிக்காரர் எவரிடமாவது ஒரு பிடி கீட்டோ வாங்கினால், அதிலேயே கோபிபாட்களும் (மீனுக்கு இரையாகும் நுண்ணிய ஓட்டுடலிகள்) வந்துவிடும்.

மறுமொழி (பள்ளத்தூர்)

பாசி நைட்ரேட்டைத் தன் உடலில் சேர்த்துக்கொள்கிறதே தவிர அழிப்பதில்லை. ஆகவே வளர்ந்ததில் ஒரு பகுதியை அவ்வப்போது அள்ளி வெளியே போட்டால்தான் பயன்; அழுக விட்டால் அத்தனையும் நீருக்கே திரும்பும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அறவே இல்லாமற்போனாலும் பவளம் வெளுக்கும், எனவே முழுச் சுழியத்தை நாடாதீர்கள்.

உப்பைக் கரைக்க எந்த நீரை எடுக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆழ்குழாய்க் கிணற்று நீரானால், வேறெதற்கும் முன்பு அதன் நைட்ரேட்டைச் சோதித்து இங்கே தெரிவியுங்கள்.